அபார்ட்மென்ட்டில் குடிபுகுந்து டெபாசிட்டோடு வெளியே வருவது எப்படி? கலிபோர்னியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2025 செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் எங்களுக்கு ஒரு தபால் வந்தது. சன்னிவேலில் இரண்டேகால் ஆண்டு குடியிருந்து காலி செய்த அபார்ட்மென்ட் வளாகத்தின் நிர்வாகம் அனுப்பியது. நாங்கள் கட்டியிருந்த டெபாசிட் 3,250 டாலர். அதில் கார்ப்பெட் மாற்ற 1,480, பெயின்ட் அடிக்க 600, சுத்தம் செய்ய 350, உடைந்த ஜன்னல் மறைப்புக்கு 85, கடைசித் தண்ணீர்க் கட்டணம் 74 என்று 2,589 டாலரைக் கழித்துவிட்டு, மீதி 661 டாலருக்குக் காசோலை வைத்திருந்தார்கள்.

அதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது, "போகட்டும், ஊரிலும் பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள்தானே" என்பதுதான். இந்த நினைப்பால்தான் நம்மவர்கள் இங்கே பணத்தை விடுகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் அது வழக்கம். கலிபோர்னியாவில் அதற்குச் சட்டம் வேறு. மூன்று வாரம் கடிதம் எழுதி 1,869 டாலரைத் திரும்பப் பெற்றேன். அதற்கு முன்பே, ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காததால் 4,600 டாலருக்கு மேல் இழந்தும் இருந்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் கலிபோர்னியாவுக்கு மட்டும். டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். டெபாசிட் உச்சவரம்பு, கெடு நாட்கள் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இன்னொன்று: சென்னையில் "லீஸுக்கு வீடு" என்றால் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது. இங்கே லீஸ் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் ஓராண்டுக்கு, மாத வாடகை ஒப்பந்தம். அவ்வளவுதான்.

1. தேடத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், விசா, ஐ-94 பதிவின் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததைக் காட்டும் அரசுப் பதிவு) அச்சுப்படி, ஆண்டுச் சம்பளம் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட வேலை நியமனக் கடிதம், வந்திருந்தால் கடைசி இரண்டு சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை. இவற்றை ஒரே பி.டி.எஃப். கோப்பாகத் தயார் செய்து கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வீடு காலையில் இருக்கும், மாலையில் இருக்காது.

மாதச் சம்பளம் வாடகையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்று பல வளாகங்கள் கேட்கும். சமூகப் பாதுகாப்பு எண் (வேலை செய்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பிக்கும் முன்பே, "அந்த எண் இல்லாமல் விண்ணப்பத்தை ஏற்பீர்களா?" என்று மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொரு பெரியவருக்கும் ஏறத்தாழ 50, 60 டாலர். வீடு கிடைக்காவிட்டாலும் அது பெரும்பாலும் திரும்பி வராது. கணவன் மனைவி இருவரும் நான்கு இடத்தில் விண்ணப்பித்தால் 400 டாலருக்கு மேல் கரைந்துவிடும். எனவே முதலில் கேள்வி, பிறகு விண்ணப்பம்.

புதிதாக வந்தவர்களுக்குக் கிரெடிட் வரலாறு, அதாவது கடனையும் கட்டணங்களையும் ஒழுங்காகக் கட்டிய பதிவு, இங்கே இருக்காது. முன்பெல்லாம் அதைக் காரணம் காட்டி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் ஒரு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஓரிரு சொத்து மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்கு விலக்கு உண்டு. பெரிய வளாகங்களுக்கு இல்லை. அதனால் இப்போது சில இடங்களில், "ஒரு உத்தரவாத நிறுவனத்திடம் பணம் கட்டி உத்தரவாதக் கடிதம் வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். அந்தப் பணம் டெபாசிட் அல்ல, கட்டணம். திரும்ப வராது. அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிரெடிட் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், 15 வீடுகளுக்கு மேல் உள்ள கட்டடங்களின் நிர்வாகம், நீங்கள் ஒழுங்காக வாடகை கட்டுவதைக் கிரெடிட் நிறுவனம் ஒன்றுக்குத் தெரிவிக்க முன்வர வேண்டும். மாதம் 10 டாலருக்கு மேல் இதற்கு வாங்கக் கூடாது. முதல் ஆண்டில் இது பயன்படும். கேட்டு வாங்குங்கள்.

முதல் தவணைக்குச் சாதாரணக் காசோலையை ஏற்காத இடங்கள் உண்டு, வங்கியே எழுதித் தரும் காசோலை கேட்பார்கள். அதனால் விமானத்தில் இருந்து இறங்கிய வாரத்திலேயே வங்கிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். வாடகை 3,400 டாலர் என்றால், சாவி கைக்கு வருவதற்குள் 7,000 டாலர் கையைவிட்டுப் போகும்.

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைத் தபாலில் அனுப்புவார் என்றால் அது மோசடி.

2. விளம்பர வாடகை ஒன்று, கட்டும் வாடகை வேறு

"ஆறு வாரம் இலவசம்" என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தச் சலுகையை ஆண்டு முழுவதற்கும் பரப்பிக் கழித்த தொகையைத்தான் பெரிய எழுத்தில் காட்டுவார்கள். ஒப்பந்தத்தில் இருப்பது அதைவிட அதிகமான தொகை. அடுத்த ஆண்டு உயர்வும் அந்தப் பெரிய தொகையின் மீதுதான் கணக்கிடப்படும். "சலுகை இல்லாமல் மாத வாடகை எவ்வளவு?" என்ற ஒரு கேள்வி போதும்.

வாடகைக்கு மேல் என்னென்ன வரும் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது காருக்கு இடம், குப்பை, தண்ணீர், கழிவுநீர். பல பழைய வளாகங்களில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் கிடையாது. மொத்தக் கட்டணத்தை ஆள் எண்ணிக்கைப்படியோ பரப்பளவுப்படியோ பிரித்துவிடுவார்கள். நீங்கள் சிக்கனமாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குளியல் உங்கள் கணக்கில் சேரும். எங்களுக்கு மாதம் 130 முதல் 160 டாலர் வரை வந்தது.

மின்சாரத்துக்கு நீங்களே கணக்குத் தொடங்க வேண்டும். சன்னிவேலில் பி.ஜி. அண்ட் இ. நிறுவனம், பக்கத்து ஊரான சாண்டா கிளாராவில் நகராட்சியின் சிலிக்கான் வேலி பவர். பல இடங்களில் கணக்கு எண்ணைக் காட்டினால்தான் சாவி தருவார்கள். வாடகைதாரர் காப்பீட்டையும் அப்படியே கேட்பார்கள். மாதம் 10 முதல் 20 டாலருக்குள் முடியும். 1,00,000 டாலர் பொறுப்புக் காப்பு (உங்களால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு) அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாடகை நாளுக்கு நாள் மாறும். இன்று சொன்ன விலை நாளை மறுநாள் இருக்காது என்பதால் மின்னஞ்சலில் உறுதி வாங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பொதுவாகச் சற்றுக் குறைவாக இருக்கும். பள்ளி விடுமுறை மாதங்களில் வந்து இறங்குபவர்களுக்குத்தான் விலை அதிகம்.

3. மாதிரி வீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

அலுவலகத்தில் காட்டுவது அலங்கரித்த மாதிரி வீடு. உங்களுக்குத் தரப்போவது வேறு. அந்த வீட்டு எண்ணைக் கேட்டு, கதவைத் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறதா என்று பாருங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் மின்விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி வழியாக மறுபடியும் உள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். நம் தாளிப்புக்கு இது பெரிய விஷயம். சன்னிவேல், மவுன்டன் வியூ பக்கம் என்றால் கால்ட்ரெயின் தண்டவாளம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். பகலில் பார்க்கப் போனபோது எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. முதல் நாள் இரவு ரயில் ஊதிய ஊதலில் மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

4. ஒப்பந்தத்தில் தேட வேண்டிய நான்கு இடங்கள்

ஐம்பது பக்கத்துக்குக் குறையாமல் இருக்கும். திரையில் மஞ்சள் கட்டம் காட்டும் இடத்தையெல்லாம் தட்டித் தட்டி எட்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தவன் நான். நீங்கள் குறைந்தது இந்த நான்கையாவது தேடிப் படியுங்கள்.

முதலாவது, காலி செய்ய எத்தனை நாள் முன்பு எழுதித் தர வேண்டும் என்பது. 30 நாளும் உண்டு, 60 நாளும் உண்டு.

இரண்டாவது, ஒப்பந்தக் காலம் முடிந்தபின் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது. பெரும்பாலும் அது தானாகவே மாதாமாத வாடகையாக மாறும், வாடகையும் கூடும்.

மூன்றாவது, பாதியில் விட்டுப் போனால் எவ்வளவு என்பது. சில இடங்களில் நிலையான தொகை ஒன்றைக் கட்டினால் முடிந்தது. சில இடங்களில் மீதி மாத வாடகைக்கெல்லாம் நீங்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கும். ஆனால் வேறு ஆளைக் குடிவைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை. வீட்டைக் காலியாகப் போட்டுவிட்டு உங்களிடம் முழு வாடகையையும் வசூலிக்க முடியாது. விசா சிக்கலிலோ வேலை போயோ திடீரெனக் கிளம்புபவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நான்காவது, கூட்டாகத் தங்குபவர்களுக்கு. மூன்று நண்பர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், மூவரில் யார் கட்டாவிட்டாலும் மற்றவர்கள் முழு வாடகைக்கும் பொறுப்பு. நடுவில் ஒருவர் போய் இன்னொருவர் வந்தாலும் நிர்வாகம் டெபாசிட்டைப் பிரித்துத் தராது. வருபவர் போகிறவருக்கு நேரடியாகக் கொடுக்க வேண்டும். அதை வாட்ஸ்அப்பிலாவது எழுதிவையுங்கள். நட்பு முறிந்த கதைகள் இந்த வட்டாரத்தில் நிறைய.

அலுவலகத்தில் இருக்கும் பெண் மிகவும் அன்பாகப் பேசுவார். "அதெல்லாம் கவலைப்படாதீர்கள்" என்பார். ஆறு மாதத்தில் அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஊரில் வீட்டுக்காரரிடம் நேரில் பேசி முடித்துக்கொள்ளலாம். இங்கே வீட்டுக்காரர் ஒரு நிறுவனம், அதற்கு முகம் கிடையாது. பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில், "நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரிதானே?" என்று எழுதிவிடுங்கள்.

5. சாவி வாங்கிய அன்று

டெபாசிட் திரும்பி வருமா வராதா என்பது இந்த ஒரு நாளில் பாதி தீர்ந்துவிடும்.

வீட்டின் நிலையைக் குறிக்க ஒரு படிவம் தருவார்கள். சில நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பெரும்பாலோர் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று கோடு கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். சாமான்களை உள்ளே கொண்டுவரும் முன், காலி வீட்டில், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலில் தொடங்கி ஒவ்வொரு அறையாக நிறுத்தாமல் ஒரு வீடியோ. பிறகு தனித்தனிப் படங்கள்: கார்ப்பெட்டில் உள்ள கறை, சுவரில் ஆணி ஓட்டை, குளியல் தொட்டியின் ஓரம், ஃப்ரிட்ஜ் உட்புறம், ஓவனின் உட்புறம், சமையல் மேடையின் மேற்பரப்பு, ஜன்னல் மறைப்பின் ஒவ்வொரு பட்டை. குழாயடி அலமாரிக்குள்ளும் ஒன்று எடுங்கள்.

இவற்றைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்ளாமல் அன்றே அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தேதிக்கு அதுதான் சாட்சி. என் மனைவி அன்று படுக்கையறை ஜன்னல் மறைப்பில் இரண்டு பட்டைகள் முறிந்திருப்பதைப் படிவத்தில் எழுதினாள். "இதையெல்லாமா எழுதுவார்கள்" என்று நான் சிரித்தேன். பிடித்தப் பட்டியலில் வந்த 85 டாலர் அதே மறைப்புக்குத்தான்.

2025 ஜூலை 1 முதல் தொடங்கும் வாடகைகளுக்கு, நீங்கள் குடிபுகும் சமயத்தில் வீட்டின் நிலையை நிர்வாகமும் படம் எடுத்தாக வேண்டும். அவர்கள் எடுப்பார்கள் என்று நீங்கள் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

கூடவே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள்: "கார்ப்பெட் எந்த ஆண்டு போட்டது? கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தீர்கள்?" குடிவரும்போது சாதாரணமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பது கடைசியில் புரியும்.

6. குடியிருக்கும் காலத்தில் சமையலறை

மற்ற அறைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏதாவது பழுதானால் நேரில் சொல்வதோடு நிறுத்தாமல் வளாகத்தின் இணையப் பக்கத்தில் புகாராகப் பதியுங்கள்.

சமையலறைதான் நம் பலவீனம். வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் விழுந்தால் அந்த நிமிடமே துடையுங்கள். மறுநாள் காலை அது மேடையின் நிறமாகிவிடும். தொட்டியின் அடியில் உள்ள உணவுக் கழிவு அரவைக்குள் முருங்கைச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, மீந்த சோறு எதையும் தள்ளாதீர்கள். நார் சுற்றிக்கொள்ளும், சோறு ஊதிக் குழாயை அடைக்கும். பழுது பார்க்க வருபவர் உள்ளேயிருந்து எடுத்த முருங்கைச் சக்கையை நீட்டி "இது என்ன?" என்று கேட்கும்போது பதில் சொல்வது சங்கடம். அந்த வேலைக்குக் கட்டணமும் உங்கள் கணக்கில் வரலாம்.

ஓவனைப் பாத்திர அலமாரியாகப் பயன்படுத்தும் வழக்கம் நமக்கு உண்டு. எண்ணெய்ச் சட்டிகளை அதற்குள் அடுக்கி இரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால் அடித்தட்டில் பிசுக்கு ஓர் அங்குலம் இருக்கும். எங்களிடம் பிடித்த 350 டாலர் சுத்தக் கட்டணத்தை நான் எதிர்க்கவே இல்லை. நியாயம் அவர்கள் பக்கம்.

7. காலி செய்யும் அறிவிப்பு: நான் சறுக்கிய இடம்

எங்கள் ஒப்பந்தம் 2025 ஜூன் 30 அன்று முடிந்தது. முடிகிற தேதி ஒப்பந்தத்திலேயே இருக்கும்போது தனியாக எதற்கு அறிவிப்பு என்று நினைத்தேன். மே மாதம் அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியும் இருந்தேன். ஜூலை 1 முதல் புதிய வீட்டையும் எடுத்துவிட்டோம். ஜூன் 10ஆம் தேதி சம்பிரதாயத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "நன்றி. எங்கள் ஒப்பந்தப்படி 60 நாள் அறிவிப்பு தேவை. எனவே உங்கள் கடைசி நாள் ஆகஸ்ட் 9" என்று பதில் வந்தது.

ஜூலை முழுவதும் மாதாமாத வாடகையாக, எங்கள் 3,400க்குப் பதில் 3,600 டாலர். ஆகஸ்ட்டில் 9 நாளுக்கு 1,045. ஒரே சமயத்தில் இரண்டு வீட்டுக்கு வாடகை கட்டினோம். மே மாதம் சொன்னதற்குச் சாட்சி? இல்லை.

ஆகவே ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாள் முன்பு நாட்காட்டியில் நினைவூட்டல் வையுங்கள். அறிவிப்பை அவர்களுடைய படிவத்திலோ மின்னஞ்சலிலோ, ஒப்பந்தம் எந்த வழியைச் சொல்கிறதோ அந்த வழியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்குங்கள். அதில் புதிய முகவரியையும் எழுதுங்கள். மாதாமாத வாடகையில் இருப்பவர்களுக்குச் சட்டப்படி பொதுவாக 30 நாள் அறிவிப்பு போதும்.

நானே முட்டாள்தனமாகச் செய்த இன்னொன்று: வீடு ஜூலை முதல் வாரமே காலியாகிவிட்டது, ஆனால் சாவியை ஆகஸ்ட் 9 வரை வைத்திருந்தேன். அப்போதே சாவியைக் கொடுத்துவிட்டு, "வேறு ஆளைக் குடிவையுங்கள், அன்றிலிருந்து என்னிடம் வாடகை வாங்காதீர்கள்" என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

8. இரண்டு வாரம் முன்: முன்சோதனை கேளுங்கள்

கலிபோர்னியாவில் இது உங்கள் உரிமை. காலி செய்வதற்கு முந்தைய இரண்டு வாரத்துக்குள் நிர்வாகத்தின் ஆள் வந்து வீட்டைப் பார்த்து, எவற்றுக்குப் பணம் பிடிக்க நேரலாம் என்று பட்டியல் எழுதித் தர வேண்டும். அவற்றை நீங்களே சரிசெய்துகொள்ளலாம். எழுத்தில் கேளுங்கள், அவர் வரும்போது கண்டிப்பாக வீட்டில் இருங்கள்.

ஆணி ஓட்டைக்கு ஐந்தாறு டாலர் சுவர்ப்பசை போதும். தொழில்முறை ஆள் வைத்து இரண்டு படுக்கையறை வீட்டைச் சுத்தம் செய்ய 250 முதல் 400 டாலர் கேட்கிறார்கள். நீங்கள் வந்தபோது எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அந்த அளவுக்கு இருந்தால் போதும், அதற்கு மேல் தேவையில்லை. "கார்ப்பெட்டைத் தொழில்முறை ஆளிடம் கொடுத்துக் கழுவி ரசீது காட்ட வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், வந்தபோதிருந்த நிலைக்குக் கொண்டுவர அது நியாயமாகத் தேவைப்பட்டால் ஒழிய, கட்டாயப்படுத்த முடியாது.

பழைய சோபாவைக் குப்பைத் தொட்டி அருகே போட்டுவிட்டுப் போகாதீர்கள். கேமரா இருக்கும், கட்டணம் வரும். மூன்று வாரம் முன்பே இலவசமாகத் தருவதாக நண்பர்கள் குழுவில் போட்டால் புதிதாக வந்தவர் யாராவது வந்து எடுத்துப் போவார். எங்கள் முதல் சோபாவும் அப்படி வந்ததுதான்.

9. சாவி ஒப்படைக்கும் நாள்

குடிவந்த அன்று எடுத்த அதே வரிசையில் மறுபடியும் வீடியோ. ஓவனையும் ஃப்ரிட்ஜையும் திறந்து காட்டுங்கள். வீட்டுச் சாவி, தபால் பெட்டிச் சாவி, வாயில் திறக்கும் அட்டை, கார் அனுமதி வில்லை எல்லாவற்றையும் எண்ணிக் கொடுத்து, தேதியுடன் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். பூட்டிய அலுவலகத்தின் கதவிடுக்கில் போட்டுவிட்டு வருவதாக இருந்தால் அதையும் படமெடுத்து உடனே மின்னஞ்சல் செய்யுங்கள். மின் இணைப்பை மறுநாளில் இருந்து நிறுத்தச் சொல்லுங்கள். அன்றைக்கே நிறுத்தினால் விளக்கில்லாமல் பெருக்க வேண்டியிருக்கும்.

டெபாசிட் காசோலை இருவர் பெயரிலும் வரக்கூடும். கூட்டுக் கணக்கு இல்லாத தம்பதிகளும், ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்ட நண்பர்களும் அதை மாற்ற முடியாமல் அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். யார் பெயரில், எந்த முகவரிக்கு என்பதை எல்லோரும் கையெழுத்திட்டுச் சாவியோடு கொடுத்துவிடுங்கள்.

10. 21 நாள்

வீட்டை ஒப்படைத்த 21 நாளுக்குள் டெபாசிட்டையோ, பிடித்தம் போக மீதியையோ, விவரப் பட்டியலுடன் அனுப்ப வேண்டும். பழுதுக்கும் சுத்தத்துக்கும் பிடித்தது 125 டாலரைத் தாண்டினால் ரசீதுகளும் இணைக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல், வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அவர்கள் படம் எடுத்தாக வேண்டும். சட்டத்தின் பெயர் கேட்டால்: சிவில் சட்டத் தொகுப்பு, பிரிவு 1950.5. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடிதத்தில் இது இருந்தாலே பதிலின் தொனி மாறுகிறது.

எங்கள் பட்டியல் ஆகஸ்ட் 28 அன்று அனுப்பப்பட்டது, கெடுவுக்குள்தான். ஆனால் பழைய வீட்டு முகவரிக்கே போய், தபால் துறை திருப்பிவிட்டு எங்களிடம் வரச் செப்டம்பர் 9 ஆகிவிட்டது. புதிய முகவரியை நான் எழுதிக் கொடுக்காததன் பலன்.

11. பிடித்தத்தை எதிர்ப்பது

தொலைபேசியில் சண்டை போடாதீர்கள். ஒரே கடிதம், ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனிப் பத்தி, இணைப்பாகப் படங்கள். என்னுடையது இப்படி இருந்தது.

பெயின்ட்: நாங்கள் இருந்தது இரண்டு ஆண்டுக்கு மேல். வாழ்ந்து பழகியதால் மங்குவது இயல்பான தேய்மானம். அதற்கு வாடகைதாரர் பொறுப்பில்லை. மாநில அரசின் வாடகைதாரர் கையேடு, இரண்டு ஆண்டுக்கு மேல் குடியிருந்தவரிடம் பெயின்டுக்குப் பிடிக்க வேண்டியதில்லை என்ற கணக்கைத்தான் காட்டுகிறது. 600 டாலர் முழுவதும் திரும்பியது.

கார்ப்பெட்: சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் சாம்பார் கறை இருந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் கார்ப்பெட் 2017இல் போட்டது என்று அவர்களுடைய பழைய மின்னஞ்சலிலேயே இருந்தது. பத்து ஆண்டு உழைக்கும் கார்ப்பெட் எட்டு ஆண்டு உழைத்துவிட்டது என்றால், மிச்சம் இருப்பது இரண்டு ஆண்டு மதிப்பு மட்டுமே. அதற்குத்தான் வாடகைதாரரிடம் கேட்கலாம். அதே கையேட்டில் இதே போன்ற உதாரணம் இருக்கிறது. 1,480 டாலர் 296 ஆகக் குறைந்தது.

ஜன்னல் மறைப்பு: குடிவந்த அன்று மனைவி எழுதிய படிவம். ஒரே வரி. 85 டாலரும் திரும்பியது.

சுத்தக் கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் ஒப்புக்கொண்டேன். நியாயமானதை ஒப்புக்கொண்டால் மற்றவற்றைக் கவனமாகப் படிக்கிறார்கள் என்பது என் அனுபவம். கடைசி வரியில், 14 நாளுக்குள் பதில் இல்லையென்றால் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுச் செய்வேன் என்று எழுதினேன். செப்டம்பர் 12 அன்று அனுப்பினேன். அக்டோபர் 3 அன்று 1,869 டாலருக்கு இரண்டாவது காசோலை வந்தது. கெடு ஒரு வாரம் தாண்டியிருந்தது, ஆனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

வரவில்லை என்றால்? அந்த நீதிமன்றத்தில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம். மனுக் கட்டணம் தொகையைப் பொறுத்து 30 முதல் 75 டாலர். வழக்கறிஞர் வைத்து வாதாட அனுமதி இல்லை. எதிர்த் தரப்புக்கும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு பணத்தைப் பிடித்துவைத்தார்கள் என்று நீதிபதி கருதினால், டெபாசிட்டைப்போல் இரண்டு மடங்கு வரை கூடுதலாகத் தரச் சொல்லலாம். விசாவில் இருப்பவர்கள் வழக்குப் போட்டால் குடியேற்றத்துக்குச் சிக்கல் வரும் என்று அலுவலக நண்பர் ஒருவர் என்னைப் பயமுறுத்தினார். டெபாசிட் கேட்டு உரிமையியல் மனுச் செய்வது குற்ற வழக்கு அல்ல.

12. முகவரி மாற்றம்: 10 நாள்

வீடு மாறிய அலுப்பில் பலர் மறந்துவிடுவது இது. குடியுரிமை இல்லாதவர்கள் வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏ.ஆர்.-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. கணவர், மனைவி, குழந்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் மோட்டார் வாகனத் துறைக்கும் அதே 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

தபால் துறையில் முகவரி மாற்றம் பதிந்தால் சாதாரணக் கடிதங்கள் ஓராண்டுக்குத் திருப்பிவிடப்படும். குடியேற்றத் துறையின் தபால் மட்டும் அப்படித் திருப்பிவிடப்படாது. விசா நீட்டிப்புக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள், லாரிக்கு முன்பதிவு செய்யும் அதே நாளில் இந்தப் படிவத்துக்கான தேதியையும் குறித்துவையுங்கள். பழைய வீட்டுக்கு எதிர் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகனின் பள்ளிக் கடிதம் ஒன்று அவர் மூலமாகத்தான் நவம்பரில் வந்து சேர்ந்தது.